முதுகைத் திருப்பிப் பாருங்கள்: பிரெஞ்சு வெண்கல விறகுத் தாங்கிகளை முதன்முதலாக வாங்குவோருக்கு

பாரிஸில் பழைய கட்டடம் ஒன்றில் குடியேறுகிறவர்களுக்கு ஒரு நாள் இந்த எண்ணம் வந்தே தீரும். வரவேற்பறையில் சலவைக்கல் கணப்பு, அதாவது குளிர்காயத் தீ மூட்டும் சுவர்மாடம், இருக்கிறது. அதன் வாய் கறுத்து வெறுமையாகக் கிடக்கிறது. அங்கே எதையாவது வைத்தால் அறைக்கே ஒரு களை வருமே என்று தோன்றும். சந்தைக்குப் போனால் இதற்கென்றே செய்த ஜோடிகள் தரையில் வரிசையாக நிற்கும். படுத்திருக்கும் சிங்கங்கள், மெத்தையில் உட்கார்ந்த நாய்கள், சிறகு விரித்த கழுகுகள், எல்லாம் பொன்னிறத்தில். ஒரு ஜோடிக்கு நூற்றைம்பது யூரோ கேட்பார்கள். நான்கு கடை தள்ளி, அதே போன்ற இன்னொரு ஜோடிக்குப் பல ஆயிரம் கேட்பார்கள். முன்னால் நின்று பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

வேறுபாடெல்லாம் பின்பக்கத்தில் இருக்கிறது. நான் இவற்றைத் தேடி அலையத் தொடங்கிய முதல் ஆண்டில் யாராவது இதைச் சொல்லியிருந்தால் ஒரு தவறான ஜோடி என் வீட்டுக்கு வந்திருக்காது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

இது என்ன பொருள்

பிரெஞ்சில் இதன் பெயர் ஷெனே (chenet). நாயைக் குறிக்கும் ஷியென் என்ற சொல்லிலிருந்து பிறந்தது. ‘குட்டி நாய்’ என்று பொருள் கொள்ளலாம். தீயின் முன்னால் காலை நீட்டிப் படுத்திருக்கும் நாயின் சாயல் இதற்கு உண்டு. ஆங்கிலேயரும் இதை ‘நெருப்பு நாய்’ என்றே அழைக்கிறார்கள். கணப்புக்கும் விலங்குக்கும் உள்ள உறவு அதைவிடப் பழையது. 1852இல் வேல்ஸ் நாட்டில் காப்பெல் கார்மன் என்ற இடத்தில் சதுப்பு நிலத்திலிருந்து ஓர் இரும்பு விறகுத் தாங்கியைத் தோண்டி எடுத்தார்கள். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு வயது. அதன் இரு முனைகளிலும் கொம்பும் பிடரியும் கொண்ட விலங்குத் தலைகள் வெளிப்பக்கம் பார்த்து நிற்கின்றன. பிரான்ஸின் அரண்மனைகளுக்கு வெண்கலச் சிங்கங்கள் வருவதற்கு நெடுங்காலம் முன்பே கொல்லர்கள் தீயின் ஓரத்தில் விலங்குகளைக் காவல் வைத்துவிட்டார்கள்.

செய்கிற வேலை எளியது. விறகு தரையில் படாமல் உயர்ந்து நிற்க வேண்டும். அடியில் காற்று ஓடினால்தான் தீ நின்று எரியும். எரிகிற கட்டை அறைக்குள் உருண்டு வந்துவிடவும் கூடாது. விறகடுப்பில் கட்டையைத் தூக்கிவைத்து ஊதியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஒவ்வொரு ஷெனேயிலும் இரண்டு பகுதிகள் உண்டு. முன்னால் நிற்பது வெண்கல உருவம். அறையில் இருப்பவர்களின் கண்ணுக்கு. பின்னால் நீள்வது இரும்புச் சட்டம். விறகு அதன்மேல்தான் கிடக்கும். இரண்டையும் மரையாணியும் நட்டும் இணைக்கின்றன. இரும்பு ஆண்டுக்கணக்கில் தீயில் வெந்து, செதில் செதிலாக உதிர்ந்து, மெலிந்துபோகும். அதை மாற்றுவது வழக்கம். எனவே 1770ஆம் ஆண்டு வெண்கலத்துக்குப் பின்னால் 1950ஆம் ஆண்டு இரும்பு இருந்தால் அது மோசடி ஆகாது. ஆனால் விற்பவர் அதைச் சொல்ல வேண்டும். நீங்களும் கேட்க வேண்டும்.

பழைய வீட்டுப் பொருள் பட்டியல்களிலும் ஏலக் கையேடுகளிலும் ‘ஃபெ’ (feu) என்ற சொல் வரும். ‘தீ’ என்பதுதான் அதன் நேர்ப்பொருள். ஷெனே ஜோடியையும், சில வேளைகளில் அதோடு சேர்ந்த கரண்டி, இடுக்கியையும் அந்த ஒரு சொல்லால் குறித்தார்கள். இணையத்தில் தேடும்போது இந்தச் சொல் தெரியாவிட்டால் நல்ல பொருள்கள் பாதி கண்ணில் படாமலே போய்விடும்.

வாங்குவதற்கு முன் கண்ணைப் பழக்குங்கள்

சந்தைக்கு முன்னால் அருங்காட்சியகம். இந்த வரிசையை மாற்றாதீர்கள். லூவ்ரில் பதினான்காம் லூயி முதல் பதினாறாம் லூயி வரையிலான அரசர்களின் காலத்து அலங்காரக் கலைக்கூடங்களை 2014இல் புதுப்பித்துத் திறந்தார்கள். அங்கே ஒரு முழு நாள் செலவிடலாம். எங்கள் ஊர்க்காரர்கள் லூவ்ருக்குப் போனால் மோனாலிசாவைப் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுகிறார்கள். முதல் மாடியில் இந்தக் கூடங்களில் கூட்டமே இருப்பதில்லை. குனிந்து, பக்கவாட்டில் போய், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

லூவ்ரின் சேகரிப்பில் இருக்கும் இரண்டு ஜோடிகளை முக்கியமாகச் சொல்வேன். ஒன்று, வெண்கலக் கலைஞர் பியர் கூத்தியேர் 1777இல் அரசி மாரி அந்துவானெத்துக்காகச் செய்தது. ஃபோந்தேன்ப்ளோ அரண்மனையில் அரசிக்குத் துருக்கிய பாணியில் ஒரு சிற்றறை அமைத்தார்கள். அந்த அறையின் கணப்புக்கு ஒற்றைத் திமில் ஒட்டகங்கள் படுத்திருப்பதுபோல் வார்த்தார் கூத்தியேர். இன்னொன்று, கந்தேன்-குளோத் பித்துவான் என்ற வெண்கலக் கலைஞர் 1772இல் அதே அரண்மனையில் பதினைந்தாம் லூயியின் காதலி மதாம் து பாரியின் அறைக்குக் கொடுத்தது. அதில் ஒரு பக்கம் கலைமான், மறுபக்கம் காட்டுப்பன்றி. அரசர்களின் வேட்டைக் காட்டில் நின்ற அரண்மனை அல்லவா!

இந்த இரண்டாவது ஜோடி புதியவர்களுக்கு ஒரு பாடம். ஜோடி என்றால் இரண்டும் ஒரே விலங்காக இருக்க வேண்டும் என்பதில்லை. மானும் பன்றியும், நாயும் பூனையும் ஜோடியாக வருவது 18ஆம் நூற்றாண்டில் வழக்கம்தான். சுருள்முடி நாய் ஒரு மெத்தையில், முதுகைக் கூனிச் சீறும் பூனை மறு மெத்தையில் என்று எதிரெதிரே உட்காரவைத்தார்கள். வேறு வேறு விலங்கு என்பதற்காக ‘இது பொருந்தா ஜோடி’ என்று ஒதுக்கிவிடாதீர்கள். பார்க்க வேண்டியது பீடத்தை. பீடத்தின் உயரம், விளிம்பு வேலைப்பாடு, முலாமின் நிறம் ஆகியவை ஒத்துப்போனால் விலங்கு எதுவானாலும் அவை உடன்பிறந்தவை.

இன்னோர் இடம், மோன்சோ பூங்காவை ஒட்டிய நிசிம் த கமோந்தோ அருங்காட்சியகம். மொய்ஸ் த கமோந்தோ தன் மாளிகையையும் 18ஆம் நூற்றாண்டுப் பொருள்களையும் நாட்டுக்கு விட்டுச்சென்றார். 1936இல் மக்களுக்குத் திறந்தது. முதல் உலகப் போரில் இறந்த மகனின் பெயரை அந்த வீடு தாங்குகிறது. அங்கே பொருள்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் இல்லாமல் அவை நிற்க வேண்டிய இடத்திலேயே நிற்கின்றன. கணப்பின் அகலத்துக்கு ஷெனேயின் உயரம் எவ்வளவு இருந்தால் அழகு என்பதை அங்கே கண் தானாகக் கற்றுக்கொள்ளும்.

விலங்கு என்ன சொல்கிறது

விலங்கை வைத்துக் காலத்தை ஓரளவு ஊகிக்கலாம். உறுதி செய்ய முடியாது. முன்காலைச் சேர்த்துப் படுத்திருக்கும் அமைதியான சிங்கம், நேர்க்கோடான பீடம், அதில் சரமாகத் தொங்கும் இலைமாலை என்றால் பதினாறாம் லூயி காலத்து ரசனை. விலங்கு வளைந்து நெளியும் இலைக்கொடிக்குள் சிக்கியதுபோல் இருந்து, இடமும் வலமும் சமமில்லாமல் சுழன்றால் பதினைந்தாம் லூயி காலத்து ரசனை. மனிதத் தலையும் சிங்க உடலும் கொண்ட ஸ்பிங்க்ஸும் கழுகும் கறுத்த வெண்கலமும் பொன்முலாமும் மாறி மாறி வந்தால் நெப்போலியன் பேரரசு. 1798இல் தொடங்கிய எகிப்தியப் படையெடுப்புக்குப் பிறகு அந்த மோகம் பாரிஸெங்கும் பரவியது. தீயிலே வாழும் என்று பழங்காலத்தவர் நம்பிய, பல்லி போன்ற சாலமாண்டர் முதலாம் பிரான்சுவா அரசரின் சின்னம். கணப்புக்கு இதைவிடப் பொருத்தமான உயிரினம் வேறில்லை என்பேன்.

ஆனால் ஒன்று: ‘காலத்து ரசனை’ என்று நான் எழுதுவதைக் கவனியுங்கள். மூன்றாம் நெப்போலியன் ஆண்ட 1852 முதல் 1870 வரையிலும், அதன் பிறகும், பாரிஸின் பட்டறைகள் இந்த எல்லா உருவங்களையும் மறுபடி வார்த்தன. அவற்றில் பல மிக நல்ல வேலைப்பாடுகள். சந்தையில் உங்கள் கைக்கு வருபவற்றில் பெரும்பாலானவை இந்தக் காலத்தவைதான். அவற்றை வாங்குவதில் குறை ஒன்றும் இல்லை. 19ஆம் நூற்றாண்டுப் பொருளை 18ஆம் நூற்றாண்டு விலைக்கு வாங்குவதில்தான் குறை.

எங்கே போவது, எதை எடுத்துப்போவது

கார் து நோர் நிலையத்தில் நான்காம் எண் மெட்ரோவில் ஏறினால் நேராக போர்த் த கிளின்யாங்கூர். அங்கிருந்து நடந்தால் சாந்-துவான் பழம்பொருள் சந்தை. லா ஷப்பேலில் காய்கறி வாங்க வருகிற தமிழர்களுக்கு இது பத்து நிமிடத் தொலைவு. சனி, ஞாயிறு, திங்கள் கிழமைகளில் கடைகள் திறந்திருக்கும். பால் பெர், செர்பெத் பகுதிகளில் கணப்புப் பொருள்கள் கிடைக்கும். முதல் மூன்று முறை பணம் எடுத்துப்போகாதீர்கள்.

அடுத்தது ஒன்பதாம் வட்டாரத்தில் இருக்கும் துருவோ ஏல மாளிகை. 1852 முதல் இயங்குகிறது. ஏலத்துக்கு முந்திய நாளும் ஏல நாள் காலையும் பொருள்களைப் பார்வைக்கு வைப்பார்கள். கட்டணம் இல்லை, யாரும் போகலாம். கேட்டால் கையில் எடுத்துப் பார்க்க விடுவார்கள். ஏலத்தில் கேட்கும் விலைக்கு மேல் வாங்குபவர் கட்டணம் உண்டு என்பதை மறக்கக் கூடாது. பெரும்பாலும் அது 20 முதல் 30 விழுக்காடு வரை போகும். நானூறு யூரோவுக்குக் கையைத் தூக்கினால் ஐந்நூறு யூரோவுக்குத் தூக்கியதாகவே கணக்கு வையுங்கள்.

பையில் ஐந்து பொருள்கள் போதும்: சிறிய டார்ச், பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் பூதக்கண்ணாடி, ஒரு சின்னக் காந்தம், அளவு நாடா, பருத்திக் கையுறை.

திருப்பிப் பாருங்கள்

இதுதான் வேலையின் நெஞ்சு. விற்பவரிடம் கேட்டுவிட்டு, இரண்டு கைகளாலும் தூக்கி, ஒரு துணியின்மேல் குப்புறப் படுக்கவையுங்கள். விலங்கின் தலையைப் பிடித்துத் தூக்காதீர்கள். தலை தனி வார்ப்பாக இருந்து மரையாணியில் நிற்கக்கூடும்.

முதலில் காந்தம். வெண்கலத்திலும் பித்தளையிலும் ஒட்டாது. பின் சட்டத்தில் ஒட்டும். உருவத்திலேயே ஒட்டினால் அது வெண்கலப் பூச்சு அடித்த வார்ப்பிரும்பு. ஒட்டவில்லை என்பதாலேயே வெண்கலம் என்றும் முடிவு செய்ய வேண்டாம். துத்தநாகம் அல்லது ஈயம் கலந்த மலிவான வெள்ளை உலோகம் ஒன்று உண்டு. பிரெஞ்சில் ரெகுல் என்பார்கள். அதிலும் காந்தம் ஒட்டாது. பாத்திரக்கடையில் குடத்தைச் சுண்டிப் பார்ப்போமே, அப்படி விரல் கணுவால் சுண்டுங்கள். வெண்கலம் கணீரென்று பேசும். ரெகுல் மண்சட்டி போல மொத்தென்று நிற்கும். அடியில் எங்காவது கீறல் இருந்தால் அங்கே நிறத்தைப் பாருங்கள்: மஞ்சளோ செம்மையோ என்றால் செம்புக் கலவை, சாம்பல் வெள்ளை என்றால் ரெகுல்.

வெண்கலம் என்றவுடன் நம் மனத்தில் செம்பும் வெள்ளீயமும்தான் வரும். பிரெஞ்சுக்காரர்கள் இந்த வகைப் பொருளில் ‘ப்ரோன்ஸ்’ என்று சொல்வது பெரும்பாலும் துத்தநாகம் கலந்த கலவை. பித்தளைக்குப் பக்கத்துச் சொந்தம். கலவை மஞ்சளாக இருப்பதால் பொருள் போலி என்று எண்ண வேண்டாம்.

அடுத்தது வார்ப்பு. சுவாமிமலையில் ஸ்தபதிகள் மெழுகில் உருவம் செய்து, காவிரி வண்டலைப் பூசி, உருக்கி வார்க்கும்போது சிலை முழுவதும் ஒரே துண்டாக, கனமாகப் பிறக்கிறது. பாரிஸின் ஷெனே பெரும்பாலும் அப்படிப் பிறப்பதில்லை. மணல் அச்சில் பகுதி பகுதியாக வார்த்து, உள்ளே குடைவாக விட்டு, பிறகு மரையாணியால் சேர்ப்பார்கள். எனவே பின்னால் திருப்பினால் குழிந்த உட்புறமும், மணலின் சொரசொரப்பும், அரம் போட்ட தழும்புகளும் தெரியும். ஒரே பட்டறையில் பல ஜோடிகள் ஒருசேர உருவாகும்போது துண்டுகள் கலந்துவிடக் கூடாதே என்று உட்புறத்தில் ஒற்றைக் கோடு, இரட்டைக் கோடு என்று அரத்தால் கீறிவைப்பார்கள். பீடத்திலும் விலங்கின் வயிற்றுக்குள்ளும் அதே அடையாளம் இருந்தால் அந்த விலங்கும் அந்தப் பீடமும் பட்டறையிலேயே சேர்ந்தவை. டார்ச் அடித்து அந்தக் கீறல்களைத் தேடுங்கள். முதல் தடவை கண்டுபிடித்தபோது எனக்குப் பேச்சே வரவில்லை. இருநூறு ஆண்டுக்கு முன் ஒரு தொழிலாளி தனக்காக மட்டும் போட்டுக்கொண்ட குறிப்பு அது.

மரையாணிகளையும் நட்டுகளையும் பாருங்கள். கையால் வெட்டிய மரையில் சுற்றுகளின் இடைவெளி சற்றே ஒழுங்கற்று இருக்கும். நட்டின் பக்கங்களும் சமமாக இருக்காது. எல்லாம் அச்சில் அடித்ததுபோல் ஒரே சீராக இருந்தால் அது இயந்திர காலம். பின்னால் ஒரேயொரு புதிய நட்டு மட்டும் இருந்தால் யாரோ பழுது பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான். இரண்டு ஷெனேக்களும் ஒன்றையொன்று நோக்கும் உள்பக்கத்தில் சதுரத் துளையோ கொளுவியோ இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் இரண்டையும் இணைத்து ஒரு குறுக்குச் சட்டம் ஓடியிருக்க வேண்டும். கணப்பின் முன்னால் வேலி போல நிற்கும் அந்த அமைப்பு 19ஆம் நூற்றாண்டில் பரவியது. சட்டம் தொலைந்துவிட்டது என்றால் விலை குறைய வேண்டும்.

இனி முலாம். 18ஆம் நூற்றாண்டில் பொன்னைப் பாதரசத்தில் கரைத்துக் குழம்பாக்கி, வெண்கலத்தின்மேல் தூரிகையால் பூசிச் சூடாக்குவார்கள். பாதரசம் ஆவியாகிப் போகும். பொன் உலோகத்தோடு ஒன்றிவிடும். பிறகு சில இடங்களை மெருகுக்கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்கி, சில இடங்களை மங்கலாகவே விடுவார்கள். சிங்கத்தின் மூக்கும் புருவமும் மின்ன, பிடரி மங்கலாகத் தங்கும் அழகு இதனால் வருவது. பொன் விலை அதிகம் என்பதால் முன்பக்கத்தில் மட்டும்தான் பூசுவார்கள். எனவே பின்புறத்தில் விளிம்பைத் தாண்டி முலாம் ஒழுங்கற்று வழிந்து நின்றுபோயிருக்கும். அதற்கு அப்பால் வெறும் பழுப்பு உலோகம். இதுதான் நீங்கள் தேட வேண்டிய காட்சி.

பின்புறமும் முன்புறம் போலவே ஒரே சீராகப் பொன்னாக இருந்தால் அது மின்முலாமாக இருக்க வாய்ப்பு அதிகம். பர்மிங்ஹாமின் எல்கிங்டன் நிறுவனம் 1840இல் அதற்குக் காப்புரிமை பெற்றது. 1842இல் பாரிஸின் கிறிஸ்தோஃபிள் பிரான்ஸுக்கான உரிமையை வாங்கியது. மூன்றாவது வகையும் உண்டு: பொன்னே இல்லாமல், பொன்னிற வார்னிஷ் பூசியவை. 18ஆம் நூற்றாண்டிலேயே செலவைக் குறைக்க இப்படிச் செய்தார்கள். எனவே வார்னிஷ் பூசியது என்பதால் புதியது என்றும் ஆகாது.

பாதரச முலாம் பூசிய பொருளைத் தொடும்போதெல்லாம் எனக்கு ஒருவர் நினைவு வரும். ஆந்துவான்-ஆந்திரே ரவ்ரியோ, பாரிஸின் வெண்கலத் தொழிலதிபர், 1814இல் காலமானார். முலாம் பூசும் தொழிலாளர்கள் பாதரச ஆவியை மூச்சில் இழுத்துக் கைகால் நடுங்கி, இளவயதிலேயே இறப்பதைத் தம் பட்டறையிலேயே பார்த்தவர். அவர்களைக் காப்பாற்றும் வழியைக் கண்டுபிடிப்பவருக்கென 3,000 பிராங்க் பரிசு எழுதிவைத்துவிட்டுப் போனார். ஆவியை மேலே இழுத்துக்கொள்ளும் உலையை வடிவமைத்த வேதியியலாளர் தார்சே 1818இல் அந்தப் பரிசைப் பெற்றார். இந்தப் பொன்னிறத்தின் விலையில் ஒரு பங்கை அந்தத் தொழிலாளர்கள் தங்கள் மூச்சால் கட்டினார்கள்.

கடைசியாக, முத்திரை. மேசை நாற்காலி செய்தவர்கள் பெயர் பொறித்தார்கள். வெண்கலக்காரர்கள் பெரும்பாலும் பொறிக்கவில்லை. எனவே பெயர் இல்லாதது குறையல்ல. ஒரேயொரு சிறு முத்திரையைத் தெரிந்துகொள்ளுங்கள்: பிறைபோல் வளைந்த ‘C’ எழுத்து, அதன்மேல் ஒரு மகுடம். சில மில்லிமீட்டர்தான் இருக்கும். செம்புக் கலவைப் பொருள்களுக்கு 1745 மார்ச் முதல் 1749 பிப்ரவரி வரை விதித்த வரிக்கான அடையாளம் அது. அந்த ஆண்டுகளில் கைமாறிய பழைய பொருள்களிலும் அதைக் குத்தினார்கள். பிற்காலத்தில் போலியாகவும் குத்தினார்கள். முத்திரையைக் கண்டு முடிவெடுக்காமல், மற்ற எல்லாம் பொருந்தியபின் முத்திரையும் இருந்தால் மகிழுங்கள். ‘பூவோன் சகோதரர்கள்’ (Bouhon Frères) என்ற பெயர் இருந்தால் அது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரிஸில் கணப்புப் பொருள்களுக்கென்றே பெயர் பெற்ற பட்டறை.

ஜோடிதானா?

இப்போது என் கதை. ஒரு குளிர்கால ஞாயிற்றுக்கிழமை, சந்தையின் வெளி வீதி ஒன்றில், மெத்தையில் உட்கார்ந்த இரண்டு சுருள்முடி நாய்கள். மடிப்பு மேசையின் ஒரு முனையில் ஒன்று, மறு முனையில் மற்றொன்று. நடுவே குத்துவிளக்குகளும் கடிகாரங்களும். ஒன்றை எடுத்துப் பார்த்தேன். முதுகில் முலாம் வழிந்த தடம், கையால் வெட்டிய மரை, எல்லாம் சரி. குளிரில் விரல் மரத்துப்போயிருந்தது. மற்றதைத் திருப்பாமலே பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

வீட்டில் கணப்பின் இருபுறமும் வைத்தபோது அறையே கோணலாகத் தெரிந்தது. இரண்டு நாய்களும் இடப்பக்கம் பார்த்தன. ஜோடியென்றால் கண்ணாடியில் தெரியும் பிம்பம் போல ஒன்றையொன்று நோக்க வேண்டும். நாடாவை எடுத்து அளந்தேன். ஒன்று 31.2 சென்டிமீட்டர், மற்றது 30.7. பூதக்கண்ணாடியில் உயரமான நாயின் காதைப் பார்த்தால் ஒவ்வொரு முடிச்சுருளும் உளி பதிந்த கூர்மையோடு தொடங்கி, மெலிந்து முடிந்தது. குட்டையான நாயின் காதில் அதே சுருள்கள், ஆனால் சேற்றில் நனைந்ததுபோல் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. பள்ளங்களில் குண்டூசி முனையளவு குமிழ்கள்.

நடந்தது இதுதான். எப்போதோ ஜோடியில் ஒன்று தொலைந்திருக்கிறது. மிஞ்சியதையே அச்சாக வைத்து இன்னொன்று வார்த்திருக்கிறார்கள். உருகிய வெண்கலம் குளிரும்போது நூற்றுக்கு ஒன்றரை அளவு சுருங்கும்; அரை சென்டிமீட்டர் அங்கேதான் போயிற்று. அச்சு எடுத்த நாய் இடப்பக்கம் பார்த்ததால் வார்த்த நாயும் இடப்பக்கமே பார்த்தது. உளி வேலையை யாரும் மறுபடி செய்யவில்லை.

ஆகவே வாங்கும்முன் இரண்டையும் அருகருகே தரையில் நிறுத்தி, மூன்று அடி பின்னால் போய்ப் பாருங்கள். பார்வை எதிரெதிராக இருக்கிறதா? உயரம் மில்லிமீட்டருக்கு ஒத்துப்போகிறதா? பிறகு ஒரே இடத்தை, காது என்றால் காது, நகம் என்றால் நகம், இரண்டிலும் பூதக்கண்ணாடியால் பாருங்கள். விலங்கு உருவங்களில் முடியும் இறகும்தான் பொய் சொல்லாத இடங்கள். கழுகின் இறகில் நடுநரம்பும் அதன் இருபுறத்துக் கீற்றுகளும் தனித்தனியாகத் தெரிய வேண்டும்.

ரசீதில் என்ன எழுத வேண்டும்

பிரான்ஸில் 1981 மார்ச் 3ஆம் தேதியிட்ட அரசாணை ஒன்று வாங்குபவர்களுக்குப் பெரிய துணை. ரசீதில் ‘பதினாறாம் லூயி காலம்’ என்று எழுதினால், அதாவது ‘எபோக்’ (époque) என்ற சொல்லோடு, பொருள் அந்தக் காலத்திலேயே உருவானது என்பதற்கு விற்பவர் பொறுப்பு. பிற்காலத்தில் மாற்றிய பகுதி ஏதும் இருந்தால் அதையும் தெரிவிக்க வேண்டும். ‘பதினாறாம் லூயி ஸ்தீல்’ (style), அதாவது அந்தப் பாணி என்று எழுதினால் காலத்துக்கு எந்த உத்தரவாதமும் இல்லை. ‘கூ’ (goût), ‘ழான்ர்’ (genre) என்ற சொற்களும் அப்படித்தான். வாயால் ‘எபோக்’ என்று சொல்லிவிட்டு ரசீதில் ‘ஸ்தீல்’ என்று எழுதினால், விலையை ஸ்தீலுக்கு ஏற்பப் பேசுங்கள். ரசீதே தர மறுத்தால் வாங்காமல் வந்துவிடுங்கள்.

நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக எண்ணினால், பழமையும் மதிப்பும் ஓரளவைத் தாண்டும் பொருளுக்கு ஏற்றுமதிச் சான்றிதழ் தேவைப்படும். விலை பேசும்போதே அதைக் கேட்டுவிடுவது நல்லது.

வீட்டுக்கு வந்தபின்

முதல் கட்டளை: பித்தளை பாலிஷ் கூடாது. புளியும் கூடாது, எலுமிச்சையும் கூடாது. குத்துவிளக்கைப் புளி போட்டு மின்னவைக்கும் பழக்கம் நம் கைகளில் ஊறிப்போயிருக்கிறது. முலாம் பூசிய வெண்கலத்தில் அதைச் செய்தால் துணியில் வருவது அழுக்கோடு சேர்ந்த பொன். ஒரு முறை போனால் போனதுதான். உயர்ந்து நிற்கும் இடங்களில், மூக்கு நுனியிலும் முழங்காலிலும், முலாம் தேய்ந்து மஞ்சள் உலோகம் தெரியும் ஜோடிகளைச் சந்தையில் நிறையப் பார்க்கலாம். யாரோ அக்கறையோடு துலக்கியவைதான் அவை.

மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டுங்கள். அழுக்கு போகவில்லையென்றால் வெதுவெதுப்பான நீரில் இரண்டு சொட்டு மென்சோப்பு, அதில் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணி, பிறகு வெறும் நீர், உடனே உலர்ந்த துணி. வார்னிஷ் பூசியதாகச் சந்தேகம் இருந்தால் ஸ்பிரிட்டைப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள், வார்னிஷ் கரைந்துவிடும். உறைந்த மெழுகு இருந்தால் மூங்கில் குச்சியால் மெல்ல நெம்பலாம். பழைய முலாமில் பாதரசத்தின் எச்சம் இருக்கக்கூடும். உப்புத்தாளால் தேய்ப்பதும் சுடரால் காய்ச்சுவதும் வேண்டவே வேண்டாம். மறுமுலாம் பூச யாராவது ஆசை காட்டினாலும் இணங்காதீர்கள். தேய்ந்த பழைய பொன், பளபளக்கும் புதிய பொன்னைவிட மதிப்புள்ளது. அழகும் அதற்குத்தான் அதிகம் என்பது என் எண்ணம். பின்னால் இருக்கும் இரும்புச் சட்டத்துக்கு மட்டும் கம்பித் தூரிகையும் கறுப்பு அடுப்புப் பாலிஷும் போடலாம்.

தீ மூட்டுவதானால் முதலில் புகைபோக்கியைத் துப்புரவாளரிடம் காட்டிச் சான்றிதழ் வாங்குங்கள். காப்பீட்டு நிறுவனம் கேட்கும். பழைய கட்டடங்களில் பல புகைபோக்கிகளை மேலே அடைத்துவிட்டிருப்பார்கள். ஷெனேயை வைக்கும்போது வெண்கல உருவம் கணப்பின் வாய்க்கு முன்விளிம்பில் நிற்க வேண்டும், இரும்புச் சட்டம் உள்ளே போக வேண்டும். விறகைச் சட்டத்தின் பின்பாதியில் அடுக்குங்கள். சுடர் வெண்கலத்தை நக்கக் கூடாது. பிசின் வடியும் ஊசியிலை மரங்களைத் தவிர்த்து, நன்கு காய்ந்த ஓக் அல்லது பீச் கட்டைகளைப் பயன்படுத்துங்கள். இரண்டு சட்டங்களுக்கும் இடையே உள்ள தூரம் கட்டையின் நீளத்தில் பாதிக்குச் சற்று மேல் இருந்தால் கட்டை எரிந்து நடுவில் ஒடிந்தாலும் உருளாது. தீ முழுவதும் அணைந்து வெண்கலம் ஆறியபின்தான் தூசி தட்ட வேண்டும்.

என் இரண்டு நாய்களையும் நான் விற்கவில்லை. குட்டையான நாயின் பீடத்துக்கு அடியில் ஐந்து மில்லிமீட்டர் ஸ்லேட் துண்டு ஒன்றை வெட்டிவைத்திருக்கிறேன். இப்போது உயரம் சரியாகிவிட்டது. இரண்டும் இன்னும் இடப்பக்கம்தான் பார்க்கின்றன. அந்தப் பக்கத்தில் வீட்டு வாசல் இருக்கிறது.